அப்பாவுக்கு மார்பின் கொடுக்கப் பயமாக இருக்கிறது

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 71 வயது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். அவருடைய புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் கீழ் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. இனிமேல் கீமோ வேண்டாம் என்று மருத்துவரும் அப்பாவும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் வலிக்கு மார்பின் என்னும் திரவ மருந்தைக் கொடுத்து, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 5 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார்கள். முதல் நாள் அப்பா பகலெல்லாம் தூங்கினார், இரண்டு முறை வாந்தி எடுத்தார். அம்மா பயந்துபோய், போத்தலை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். இப்போது அப்பா அலறினால் மட்டும் கொடுக்கிறோம், நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ. சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் தினமும் போன் செய்து, “அது அபின், பழகிப் போய்விடும், அப்பா சீக்கிரம் போய்விடுவார், இப்போதே கொடுத்துவிட்டால் கடைசி நேரத்தில் எதுவும் கேட்காது” என்கிறார். அப்பாவோ, “18 வருஷம் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்த உடம்பு, தாங்கிக்குவேன்” என்கிறார். ஆனால் ராத்திரியில் அவர் துண்டைக் கடித்துக்கொண்டு அழுவதை நான் பார்த்தேன். ஆறு நாளாக வயிறு போகவில்லை. ஒரே ஒரு முறை பெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போய்த் தண்ணீர்மலை முருகனைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?

ஒரு மகள், பட்டர்வொர்த்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் போத்தலை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து, சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத, ஆனால் உங்களுக்கும் அம்மாவுக்கும் உடனே எட்டுகிற இடத்தில் வையுங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவக் குழுவை அழைத்து, மூன்று வாரமாக உண்மையில் என்ன கொடுத்தீர்கள், என்ன கொடுக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். அப்பாவுக்குச் சொல்லப்பட்ட மருந்தளவு போதவில்லை என்று நினைத்து அவர்கள் அளவைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த உண்மை அவர்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் அப்பா அலறுவதற்குக் காரணம் மருந்து தோற்றுப்போனது அல்ல என்பது உங்கள் கடிதத்தைப் படித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்து அவரை நேரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

வாய்வழியாகக் கொடுக்கும் மார்பின் திரவம் வேலை செய்யத் தொடங்க 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஒரு மணி நேரத்தில் அதன் பலன் உச்சத்துக்கு வரும். ஏறக்குறைய 4 மணி நேரத்தில் வடிந்துவிடும். நாளுக்கு இரண்டு தடவை கொடுத்தால் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மட்டுமே மருந்து உடம்பில் நிற்கிறது. மீதி 16 மணி நேரம் அவர் வெறும் உடம்போடு வலியின் முன்னால் கிடக்கிறார். அதுவும் அலறிய பிறகு கொடுத்தால், அந்த முதல் அரை மணி நேரம் முழுவதும் அலறலாகவே கழியும். திரும்பத் திரும்ப வலியில் அடிபட்ட நரம்புகள் கூர்மையேறி, முன்பு சிறிய வலியாக இருந்ததைக்கூடப் பெரிய வலியாக மூளைக்குக் கொண்டுபோகின்றன. அப்போது அதே வலியை அடக்க இன்னும் கூடுதல் மருந்து தேவைப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு வழிகாட்டுதலை வெளியிட்டபோதே, மருந்தை வாய்வழியாகக் கொடு, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு என்று சொல்லிவிட்டது. காலை 6 மணி, 10 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 6 மணி, இரவு 10 மணி என்று, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். நள்ளிரவு 2 மணி வேளைக்காக அவரை எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது கொடுக்கும் அளவைக் கூட்டித் தரலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்; பலருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறோம்.

இந்த வேளைகளுக்கு இடையிலும் வலி எகிறி வரலாம். அதற்கென்று தனியாக ஒரு கூடுதல் வேளை உண்டு. வழக்கமாக அது ஒரு நாளின் மொத்த மார்பின் அளவில் ஆறில் ஒரு பங்காக இருக்கும். உங்கள் அப்பாவின் கணக்கில் நாளுக்கு 30 மில்லிகிராம், ஆகவே கூடுதல் வேளை 5 மில்லிகிராம். அதைக் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அடுத்த முறையான வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் கூடுதல் வேளை தேவைப்பட்டால், அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம். நீங்களாகக் கூட்டாமல் மருத்துவரை அழையுங்கள். இன்னொன்று: மருத்துவர் மில்லிகிராமில் பேசுவார், உங்கள் கையிலிருக்கும் சிரிஞ்ச் மில்லிலிட்டரில் அளக்கும். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பது போத்தலுக்குப் போத்தல் மாறலாம். மருந்தாளரிடம் ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுத்து, எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எண்கள் வேண்டாம், அந்தக் கோடு போதும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த முதல் ஆண்டில், ஒரு மருத்துவமனையின் இரவுப் பணியில், கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய ஒரு பாட்டி என் பொறுப்பில் இருந்தார். நோயாளிக் குறிப்பில் “தேவைப்பட்டால் மார்பின்” என்று எழுதியிருந்தது. எனக்குப் பயம். மூச்சு நின்றுவிடுமோ, காலையில் பெரிய மருத்துவர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் பாரசெட்டமால் கொடுத்து, “விடியட்டும் பாட்டி, பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்; உடம்பு நடுங்க நடுங்க, அவர் கையிலிருந்த ஒற்றை வளையல் அந்த இரும்புக் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது. விடியும்வரை அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அன்று என் கையில் மருந்து இருந்தது, சட்டப்படி அனுமதியும் இருந்தது, கொடுக்கும் அறிவு மட்டும் இல்லை. பின்னாளில் நான், நோயைத் தீர்க்க முடியாதபோதும் வேதனையைத் தணிக்கும் பேலியேட்டிவ் மருத்துவத்துக்கு வந்ததற்கு அந்த இரவும் ஒரு காரணம். ஆகவே உங்கள் அம்மாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவம் படித்த எனக்கே வந்த பயம் அது.

இனி, உங்கள் அம்மாவைப் பயமுறுத்திய அந்த முதல் நாளுக்கு வருகிறேன். வாரக்கணக்காக வலியால் சரியாகத் தூங்காத ஒருவருக்கு வலி குறைந்தால் முதலில் வருவது தூக்கம்தான். அதில் பாதி மருந்தின் மயக்கம், பாதி பழைய கடன். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாட்களில் தெளிந்துவிடும். தூங்குகிறாரா, மருந்து மிஞ்சிவிட்டதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். கண் திறந்து பதில் சொல்லி, மறுபடியும் தூங்கிப்போனால், அது தூக்கம். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8 தடவைக்கும் கீழே போகிறது, கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுகிறார் என்றால் அடுத்த வேளையை நிறுத்திவைத்து உடனே மருத்துவரை அழையுங்கள். எழுப்பவே முடியாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். வாந்தியும் அப்படித்தான்: ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை மெட்டோகுளோபிரமைடு அல்லது மிகக் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் போன்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்போம். இந்த இரண்டையும் உங்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் போத்தல் அரிசி டின்னுக்குப் பின்னால் போயிருக்காது.

நாள் ஆக ஆகத் தூக்கமும் வாந்தியும் விலகும், மலச்சிக்கல் விலகாது. மார்பின் குடலின் அசைவை மந்தமாக்குகிறது, இதற்கு மட்டும் உடம்பு பழகிக்கொள்வதே இல்லை. அதனால் மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், நாள்தோறும் கொடுக்க வேண்டும். பப்பாளியும் வெந்நீரும் நல்லவைதான், ஆனால் தனியாக அவற்றால் முடியாது. சென்னா, பிசாகொடில் போன்று குடலைத் தூண்டும் மாத்திரையும், லாக்டுலோஸ் போன்று மலத்தை இளக்கும் திரவமும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் நார்ச்சத்துப் பொடியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் அதிகம் குடிக்காத நோயாளிக்கு அது குடலுக்குள்ளேயே கெட்டியாகி நிலைமையை மோசமாக்கும். ஆறு நாள் என்பது இனிக் காத்திருக்கக் கூடாத நிலை. அப்பாவின் வயிற்று உப்புசம், வாந்தி, ஏன் இடுப்பு வலியில்கூட ஒரு பங்கு இதனால் இருக்கலாம். தாதி வீட்டுக்கு வந்து ஆசனவாய் வழியாக மருந்து வைத்தோ எனிமா கொடுத்தோ அன்றைக்கே தீர்த்துவைக்க முடியும். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு அப்பா இதை மருத்துவரிடம் மறைப்பார். நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். மார்பின் அபினிலிருந்து வருகிறது என்பது உண்மை. பினாங்கில் ஒரு காலத்தில் அபின் விற்பனையை ஏலம் விட்டு ஆங்கிலேய அரசு வருமானம் பார்த்தது. கூலிகளாக வந்தவர்களின் சம்பளம் அபின் கடைகளில் கரைந்தது. அந்த நினைவு இந்த ஊர்க் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் மார்பினும் இருக்கிறது என்பதால் போலீஸ் பயமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அப்பாவின் பெயர் ஒட்டிய போத்தலை, மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி வீட்டில் வைத்திருப்பது சட்டப்படியே சரி. அந்தப் பெயர்ச் சீட்டைக் கிழிக்காதீர்கள், வேறு போத்தலுக்கு மாற்றாதீர்கள், மிஞ்சியதை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1977இல் முதன்முதலாக வெளியிட்ட இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிலேயே மார்பின் இருந்தது, இன்றும் இருக்கிறது. பழகிப் போவது பற்றிச் சொன்னால், பல வாரம் மார்பின் சாப்பிட்டவருக்குத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றோட்டம் வரும். அது உடம்பின் பழக்கம், படிப்படியாகக் குறைத்தால் வராது. போதைக்கு அடிமையாவது வேறு. போதைக்காரர் மருந்தைத் தேடி வீட்டையும் வேலையையும் விட்டு வெளியே போகிறார். வலி தீர்ந்த நோயாளி வீட்டுக்குள் திரும்பி வருகிறார். புக்கிட் மெர்தாஜாமில் நான் பார்த்த ஒரு பெரியவர், வலி அடங்கிய மூன்றாம் நாள் முதலில் கேட்டது சவரக் கத்தியும் கண்ணாடியும்தான். அடுத்ததாகத் தமிழ்ப் பேப்பரைக் கேட்டார்.

கடைசி நேரத்தில் மருந்து கேட்காது என்பது அண்ணனின் இரண்டாவது கவலை. மார்பினுக்கு இதுதான் உச்ச அளவு என்று ஒரு எல்லை கிடையாது. பாரசெட்டமாலுக்கு நாளுக்கு 4 கிராம் என்ற எல்லை உண்டு, மெலிந்த உடம்புக்கு அதற்கும் குறைவு. மார்பினை வலிக்கு ஏற்பப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகலாம். சிலருக்கு நாளுக்கு 30 மில்லிகிராமே கடைசிவரை போதுமாக இருக்கிறது, சிலருக்கு அதைப் போலப் பல மடங்கு தேவைப்படுகிறது. கூட்ட வேண்டி வந்தால் பெரும்பாலும் நோய் வளர்ந்ததுதான் காரணமாக இருக்கும். ஆகவே இப்போது சேமித்து வைத்துக் கடைசியில் செலவழிக்கும் பணம் போல இதைக் கருத வேண்டாம். எப்போது தொடங்குவது என்பதை வலியின் கடுமைதான் முடிவு செய்கிறது. மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் மார்பின் எடுத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, அப்பா சீக்கிரம் போய்விடுவார் என்பது. இந்தப் பயத்தைத்தான் நான் அதிகமான வீடுகளில் சந்திக்கிறேன், இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டும் மார்பின் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தூங்காமல், சாப்பிடாமல், புரளக்கூட முடியாமல் கிடக்க வைக்கும் வலிதான் உடம்பை அரிக்கிறது. பிறகு ஏன் இந்த நம்பிக்கை? கடைசி இரண்டு நாள் வரை மருந்தை ஒளித்து வைத்திருந்து, இனித் தாங்காது என்னும்போது கொடுத்தால், அந்த வேளைக்குப் பக்கத்திலேயே மரணமும் வந்து நிற்கிறது. கொடுத்த கை ஆயுசுக்கும் அதை மறப்பதில்லை. நம் வீடுகளில் உயிர் பிரியும் நேரத்தில் பிள்ளைகள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுகிறார்கள். கடைசியாகப் பால் ஊற்றிய பிள்ளையால்தான் உயிர் போனது என்று யாரும் சொல்வதில்லை. என்றாவது ஒரு நாள், ஏதோ ஒரு வேளை மருந்து அப்பாவின் கடைசி வேளையாக இருக்கும். அதை நீங்கள் கொடுத்திருக்கலாம், அம்மா கொடுத்திருக்கலாம். அந்தக் கையும் பால் ஊற்றிய கைதான். இதை அம்மாவிடம் இப்போதே, நிலைமை நிதானமாக இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

அப்பாவின் காவடியைப் பற்றி நான் மருத்துவராக மட்டும் பேச முடியாது, தைப்பூசத்துக்குத் தண்ணீர் பந்தலில் நின்று வளர்ந்தவளாகவும் பேசுகிறேன். அலகு குத்தும் வலியை அவர் தானே தேர்ந்தெடுத்தார். 48 நாள் விரதம் இருந்து அதற்கு உடம்பையும் மனத்தையும் தயார் செய்தார், சுற்றி ஊரே வேல் வேல் என்று கூட நடந்தது, மலையேறி முடித்ததும் அலகைப் பிடுங்கித் திருநீறு பூசினார்கள். அந்த வலிக்குத் தொடக்கம் இருந்தது, முடிவு இருந்தது, பொருள் இருந்தது. எலும்பில் புற்று குடையும் வலிக்கு இவற்றில் எதுவும் இல்லை. அதை அவர் வேண்டிக்கொள்ளவும் இல்லை, பிடுங்கிப் போட ஆளும் இல்லை. 18 ஆண்டு நேர்ந்துகொண்டதைச் செலுத்தியவர் இனி எந்தக் கடனுக்காகவும் துண்டைக் கடிக்க வேண்டியதில்லை என்று, அவர் மதிக்கிற யாராவது ஒருவர், முடிந்தால் கோவிலில் கூடக் காவடி எடுத்த கூட்டாளி ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அவர் கேட்பார். நான் சொல்லிக் கேட்காத பலர் கூட்டாளி சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சோடு அவர் மனத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதும் வெளியே வரக்கூடும். தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் ஹோஸ்பிஸை (தீராத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை) தொடங்கியவர், உடம்பின் வலியோடு மனத்தின் வலியும் குடும்பத்தைப் பற்றிய கவலையும் கடவுளிடம் கேட்கும் கேள்விகளும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு ஒரே வலியாகத் தெரிகின்றன என்று சொன்னார். மருந்தளவைக் கூட்டியும் அடங்காத வலியைப் பார்க்கும்போது நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ராத்திரியில் என்ன யோசனை வருகிறது என்று கேட்பேன். வீட்டுக் கடன், கல்யாணமாகாத பெண், பேச்சு வார்த்தை இல்லாத தம்பி என்று ஏதாவது ஒன்று வரும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடிய, மருத்துவரால்கூடச் செய்ய முடியாத ஒரு வேலை. கடையில் 555 குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். நேரம், கொடுத்த அளவு, 0 முதல் 10 வரை அப்பா சொல்லும் வலியின் எண், கடைசியாக வயிறு போன நாள், இவ்வளவு போதும். எண்ணை விட முக்கியம், அப்பா வலியைச் சொல்லும் சொல். “வலிக்குது” என்பதோடு விட்டுவிடாதீர்கள், எப்படி வலிக்கிறது என்று கேட்டு அவர் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதுங்கள். தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதை நான் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொன்றும் எனக்கு ஒரு பரிசோதனை முடிவு போல. ஒரே இடத்தில் விடாமல் குடையுது, அசைந்தால் கொல்லுது என்றால் எலும்பை நினைப்பேன். எரியுது, கரண்ட் அடிக்கிற மாதிரி காலில் இறங்குது, எறும்பு ஊறுது, துணி பட்டாலே கூசுது என்றால் நரம்பு நசுங்குகிறது. முறுக்கி முறுக்கி விட்டு விட்டு வருது என்றால் குடல். விண் விண் என்று தெறிக்குது, சூடாக இருக்குது என்றால் எங்காவது சீழ் பிடித்திருக்கிறதா என்று தேடுவேன். இடுப்பு “கடுக்குது” என்று ஒருவர் சொன்னதை வலி என்று மட்டும் மொழிபெயர்த்து எழுதிய குறிப்பால் பாதிச் செய்தி தொலைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஏனென்றால் எல்லா வலிக்கும் மார்பின் மட்டுமே மருந்தில்லை. நரம்பு வலிக்கு கபாபென்டின், பிரிகாபலின், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்றவற்றைச் சேர்ப்போம். நரம்போ கல்லீரலின் உறையோ வீங்கி அழுத்தினால் டெக்ஸாமெத்தசோன் உதவும். உங்கள் அப்பாவைப் போல எலும்புக்குப் பரவியவருக்கு நான் தவறாமல் கேட்பது கதிர்வீச்சு. நோயைத் தீர்க்க வாரக்கணக்கில் கொடுப்பது போல இதற்குத் தேவையில்லை. வலியுள்ள எலும்புக்கு 8 கிரே என்னும் கதிர்வீச்சு அளவை ஒரே நாளில், ஒரே முறையில் கொடுத்தாலே பலருக்கு வலி கணிசமாகக் குறைகிறது. பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம், முதல் சில நாட்கள் வலி சற்றுக் கூடவும் செய்யலாம், அதற்குள் மனம் தளர வேண்டாம். கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்தவர் இதையும் வேண்டாம் என்றதாக அர்த்தமில்லை. கேட்டுப் பாருங்கள்.

டைக்ளோஃபினாக், மெஃபெனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகளை மருந்தகத்தில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். வயிற்றில் ரத்தக் கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். புராஸ்டேட் நோயில் சிறுநீர்ப் பாதை அடைபட்டுச் சிறுநீரகம் தளர்வது நடக்கக்கூடியது, அப்படித் தளர்ந்தால் மார்பினின் கழிவுகள் உடம்பில் தேங்கி முன்பு சொன்ன வெட்டி இழுப்பும் குழப்பமும் வரும். அதனால் மறுபடி தொடங்கும்போது சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் ஃபென்டானில் ஒட்டுப்பட்டை போன்ற வேறு வழி உண்டு. அது தோலில் ஒட்டி 72 மணி நேரம் வேலை செய்வது, ஆனால் முழுப் பலன் தர அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால் இப்போது போல ஏறி இறங்கும் வலிக்கு முதல் மருந்தாகக் கொடுப்பதில்லை. திரவத்தில் சரியான அளவு பிடிபட்ட பின், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் மார்பின் மாத்திரைக்கு மாற்றுவார்கள். அதை இடிக்கவோ மெல்லவோ கூடாது. விழுங்க முடியாத நாள் வந்தால் தோலுக்கடியில் சிறு ஊசி வைத்து, கையடக்கப் பம்பு வழியாக வீட்டிலேயே கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குக் கால்கள் திடீரெனப் பலமிழந்தால், தொடையிடுக்கில் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றால், அல்லது விலா எலும்பைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்குவது போலப் புதிதாக வலி வந்தால், தண்டுவடம் நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சில மணி நேரத் தாமதத்தில் நடை திரும்பாமல் போகலாம்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை நம் நாட்டுக்குப் புதிதல்ல. கோலாலம்பூரில் 1991இல் ஹோஸ்பிஸ் மலேசியா தொடங்கியது. பினாங்கிலும் ஏறக்குறைய அதே காலத்தில் தொண்டு அமைப்புகள் வழியாக வீட்டுப் பராமரிப்பு வந்துவிட்டது. வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் போலப் பதிவு செய்ய வேண்டும் என்று 2008 முதல் சுகாதார அமைச்சு அரசு மருத்துவமனைகளுக்குச் சொல்லி வருகிறது. ஆகவே “எங்கள் அப்பாவின் வலி எண் எட்டு, வீட்டுப் பராமரிப்புக்குக் கடிதம் எழுதித் தாருங்கள்” என்று கேட்பது உங்கள் உரிமை. இலவசமாகவே வரும் தாதிகள் இருக்கிறார்கள், தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அண்ணனுக்குக் கோபமாகப் பதில் சொல்லாதீர்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு, பக்கத்தில் இருக்க முடியவில்லை என்ற வேதனையும் பயமாகத்தான் வெளியே வரும். ஒரு வார இறுதியில் வரச் சொல்லி, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு இரவு அவரையே படுக்க வையுங்கள். 10 மணி வேளையை அவர் கையாலேயே அளந்து கொடுக்கட்டும், 555இல் அவரே எழுதட்டும்.

பெர்ரியைப் பற்றிக் கேட்டீர்கள். போகலாம். மருந்து ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கி, வலி எண் 3, 4 என்று இறங்கி, வயிறு போன பிறகு ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். முதுகெலும்பு அந்தக் குலுக்கலைத் தாங்குமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது பெர்ரியில் காரை ஏற்ற முடியாது என்பதால் ஒருவர் காரைப் பாலம் வழியாக அக்கரைக்கு ஓட்டிப் போகட்டும். அப்பா சக்கர நாற்காலியில் மெத்தையோடு உங்களுடன் படகில் வரட்டும். வீட்டைவிட்டுக் கிளம்ப அரை மணி நேரம் முன்பு கூடுதல் வேளையைக் கொடுங்கள். தூக்கி இறக்கும்போது வரும் வலிக்கு அது போதும். தண்ணீர்மலையில் 513 படிகளையும் அவர் முன்பே பலமுறை ஏறிவிட்டார், இந்த முறை அடிவாரத்திலிருந்து மேலே பார்த்துக் கும்பிட்டால் போதும் என்று அவரே சொல்வார். மருந்துப் போத்தலை வெயிலில் காருக்குள் விடாமல், பெயர்ச் சீட்டோடு, சிரிஞ்சோடு, வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் 2 மணி வேளை வழியில் வந்தால், படகிலேயே கொடுத்துவிடுங்கள்.